ஒரு நொடியில் படிக்க முடிகிறதா? – தம்ப்நெயில் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

யூடியூப் காணொளிகளின் முகப்பில் வைக்கும் சிறு படத்தை, அதாவது தம்ப்நெயிலை, எப்படி அமைத்தால் பார்வையாளர்கள் காணொளியைத் திறப்பார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்திருந்தால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்டதை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: செட்டிநாட்டுப் பலகாரங்களையும் அசைவ உணவுகளையும் செய்து காட்டும் சேனல் ஒன்றை நடத்தி வருகிறேன். தம்ப்நெயிலில் உணவின் பெயர், செய்முறையின் சிறப்பு, சேனலின் பெயர், நான்கைந்து படங்கள் என எல்லாவற்றையும் சேர்க்கிறேன். பார்த்தவர்கள் சமையலைப் பாராட்டி எழுதுகிறார்கள். ஆனால் பார்ப்பவர்கள் மிகவும் குறைவு. எங்கே தவறுகிறது? – காரைக்குடி வாசகி

பதில்: எல்லாவற்றையும் சேர்ப்பதில்தான் தவறுகிறது. கணினித் திரையில் பெரிதாக விரித்து வைத்து நீங்கள் வடிவமைக்கும் படத்தை, பார்வையாளர் அந்த அளவில் காண்பதே இல்லை. கைப்பேசியின் முகப்புப் பக்கத்தில் ஓரளவு பெரிதாகத் தெரியும் அதே படம், தேடல் முடிவுகளிலும் பரிந்துரைப் பட்டியலிலும் வரும்போது இரண்டு விரல் அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த அளவில் ஐந்து படங்களும் மூன்று வரி எழுத்தும் வண்ணக் குழப்பமாகத் தெரியுமே தவிர, உணவாகத் தெரியாது. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் பார்வையாளர்களின் பழக்கத்தை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட குறிப்பு ஒன்றில், எதைப் பார்க்கலாம் என்று தேடும்போது அவர்களின் கவனத்தில் 82 சதவீதம் படத்தின் மீதே இருக்கிறது என்றும், ஒவ்வொரு தலைப்புக்கும் சராசரியாக 1.8 விநாடிகளையே அவர்கள் செலவிடுகிறார்கள் என்றும் கூறியது. யூடியூப்பில் விரல் இதைவிட மெதுவாக நகரும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

எனவே ஒரு காணொளிக்கு ஒரு படம், அந்தப் படத்தில் ஒரே ஓர் உணவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சேனலின் பெயரும் சின்னமும் தம்ப்நெயிலுக்குக் கீழே எப்படியும் தெரிகின்றன. அவற்றைப் படத்துக்குள்ளும் வைப்பது இடத்தை வீணாக்கும். காணொளியின் கால அளவைக் காட்டும் சிறு கறுப்புக் கட்டம் வலது கீழ் மூலையில் வந்து அமர்வதால், அங்கே எதை எழுதினாலும் அது மறைந்துவிடும். உணவின் பெயர் தலைப்பில் இருக்கட்டும். படத்தில் எழுதுவதாக இருந்தால், தலைப்பில் இல்லாத ஒன்றை எழுதுங்கள். தலைப்பு ‘செட்டிநாட்டுக் கோழி மிளகு வறுவல்’ என்றிருக்கும்போது, படத்தின் மேல் ‘தண்ணீரே வேண்டாம்’ என்ற இரண்டு சொற்கள் இருந்தால், சமைக்கத் தெரிந்தவர்கள் உடனே நின்று பார்ப்பார்கள்.

உங்கள் சமையலுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மிளகும் மல்லியும் வறுத்து அரைத்த குழம்புகள் கரும்பழுப்பு நிறம் கொண்டவை. அவற்றைப் பித்தளைப் பாத்திரத்தில் வைத்து, மரப்பலகையின் மேல் படம் எடுத்தால் பழுப்பின் மேல் பழுப்பாகி, சிறிய அளவில் எதுவுமே பிரிந்து தெரியாது. வாழையிலையின் பச்சையோ வெள்ளைத் தட்டோ பின்னணியாக இருந்தால் அதே குழம்பு எடுப்பாகத் தெரியும். வெள்ளைப் பணியாரத்துக்கு இதற்கு நேர்மாறாக, அடர்நிறத் தட்டும் பக்கத்தில் சிவந்த மிளகாய்ச் சட்னியும் பொருந்தும். கந்தரப்பத்தை முழுதாக அடுக்கி வைப்பதைவிட, ஒன்றைப் பிட்டு அதன் உட்புறம் தெரியும்படி வைப்பது நல்லது; பார்ப்பவர் அறிய விரும்புவது உள்ளே எப்படி வெந்திருக்கிறது என்பதைத்தான்.

காணொளியிலிருந்து ஒரு காட்சியை நிறுத்தி எடுத்த படம் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும், ஏனெனில் கை அசையும்போதும் ஆவி எழும்போதும் உருவங்கள் கலங்குகின்றன. அடுப்பிலிருந்து இறக்கிய சில நிமிடங்களுக்குள், எண்ணெய் மினுமினுப்பு அடங்குவதற்கு முன்பு, சன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி வைத்துத் தனியாக ஒரு புகைப்படம் எடுங்கள். கைப்பேசியின் ஃபிளாஷ் வேண்டாம். இதற்கெல்லாம் தம்ப்நெயில் என்னவாக இருக்கும் என்பதை அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். தொகுப்பு வேலை எல்லாம் முடிந்த பின், நள்ளிரவில், இருப்பதை வைத்து ஒட்டுவதால்தான் நம்மவர்களின் தம்ப்நெயில்களில் பாதி கெட்டுப்போகின்றன என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பத்தாம் வகுப்புக் கணிதப் பாடங்களைத் தமிழில் நடத்திப் பதிவேற்றுகிறேன். தம்ப்நெயிலில் தமிழ் எழுத்துகள் சிறியதாகும்போது படிக்க முடிவதில்லை. ஃபோட்டோஷாப்பில் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதுவதுதான் வழியா? – திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியர்

பதில்: வேண்டவே வேண்டாம். தமிழ் வழியில் படிக்கும் மாணவரைத் தேடித்தானே நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள். அவருக்கான அழைப்பும் தமிழில்தான் இருக்க வேண்டும்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துருவின் குற்றம் அன்று. தமிழ் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டும் வேலையை மென்பொருள்தான் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பின் பிரிஃபெரன்சஸ் பகுதியில், டைப் என்னும் பிரிவுக்குள் சென்று, ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்புகளில் அது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்ற பெயரில் இருக்கும். மென்பொருளை மூடித் திறந்து புதிய கோப்பில் தட்டச்சு செய்தால் கெ, கே, கொ, கோ எல்லாம் ஒழுங்காக அமையும். உங்களிடம் மிகப் பழைய பதிப்பு இருந்து இந்த வசதி கிடைக்கவில்லையென்றால், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துவதிலும் தவறில்லை. தம்ப்நெயில் இறுதியில் வெறும் படமாகத்தான் பதிவேறுகிறது. காணொளியின் தலைப்பும் விளக்கமும் மட்டும் யூனிகோடில் இருந்தாக வேண்டும், இல்லையேல் தேடலில் அகப்படாது.

இனி, படிக்க முடியாமை பற்றி. தமிழ் எழுத்தில் விசிறியும் சுழியும் புள்ளியும் எழுத்தின் மேலும் கீழும் பரவுகின்றன. சிறிய அளவில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். அது போனால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். ஆகவே மெல்லிய கோடுகளும் அலங்கார வளைவுகளும் உள்ள எழுத்துருக்களை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் அனெக் தமிழ், பாலூ தம்பி, முக்த மலர், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வணிக நோக்கிலும் பயன்படுத்தலாம். இவற்றுள் அனெக் தமிழை நான் முதலில் பரிந்துரைப்பேன். அதில் தடிமனை மட்டுமல்லாமல் அகலத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ‘அளவியல்’, ‘முக்கோணவியல்’ போன்ற நீண்ட சொற்களை உயரம் குறையாமல் நெருக்கி ஒரே வரியில் அடக்க முடியும்.

எழுத்தைச் சுற்றி வெள்ளையிலோ கறுப்பிலோ விளிம்புக்கோடு போடும் பழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அந்தக் கோட்டை எழுத்தின் வெளிப்புறத்தில் மட்டும் வையுங்கள். நடுவில் வைத்தால் அது உள்நோக்கியும் தடித்து, ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் உள்வெளிகளை அடைத்துவிடும். இரண்டு வரிகள் எழுதும்போது மேல்வரியின் உகரச் சுழிகள் கீழ்வரியின் விசிறிகளோடு மோதாத அளவுக்கு இடைவெளி விட வேண்டும். ஆங்கில எழுத்துக்கு என்று மென்பொருள் தானாக வைத்திருக்கும் இடைவெளி தமிழுக்குப் பெரும்பாலும் போதாது. நிறத்தைப் பொறுத்தவரை, வலைத்தளங்களை எல்லோரும் படிக்க ஏற்றபடி அமைப்பதற்கான பன்னாட்டு நெறிமுறை, பெரிய எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 3க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டையும், சிறிய எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற வேறுபாட்டையும் கேட்கிறது. தம்ப்நெயில் சுருங்கியே தெரியப்போவதால் இரண்டாவது அளவையே கடைப்பிடியுங்கள். கணக்கிட வசதியில்லை என்றால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்; அப்போதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்களுக்கும் அந்தப் படம் பயன்படும்.

சொற்களைக் குறைப்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. நம் மொழியில் வேற்றுமை உருபும் எச்சமும் சேரச்சேரச் சொல் நீண்டுகொண்டே போகும். ‘கூம்பின் கன அளவைக் கண்டுபிடிக்கும் எளிய முறை’ என்று முழுவாக்கியமாக எழுதினால் எழுத்துகள் எறும்பளவு ஆகிவிடும். தேநீர்க் கடை வாசலில் தொங்கும் நாளிதழ்ச் சுவரொட்டியைப் பாருங்கள். பேருந்தில் போகிறவர் படிக்க வேண்டும் என்பதால் அதில் நான்கு சொற்களுக்கு மேல் இருப்பதில்லை, உருபுகள் உதிர்ந்து பெயர்ச்சொற்கள் மட்டுமே நிற்கின்றன. உங்கள் பாடத்துக்கு அதே முறையில் யோசித்தால், ஒரே ஆரமும் ஒரே உயரமும் கொண்ட மூன்று கூம்புகளையும் ஓர் உருளையையும் வரைந்து, ‘3 கூம்பு = 1 உருளை?’ என்று எழுதலாம். கூம்பின் கன அளவு உருளையின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு என்ற பாடத்தின் உயிர்ப்பகுதி அந்த ஒரு வரிக்குள் வந்துவிடுகிறது. நம்பாத மாணவர் சரிபார்ப்பதற்காகவாவது திறப்பார்.

கேள்வி: யூடியூப் ஸ்டுடியோவில் என் காணொளிகளின் கிளிக் விகிதம் 3.1 சதவீதம் என்று காட்டுகிறது. இது மோசமா? – திருச்சி வாசகர்

பதில்: மோசம் என்று சொல்ல முடியாது. சேனல்களிலும் காணொளிகளிலும் பாதிக்கு இந்த விகிதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று யூடியூப்பே தெரிவித்திருக்கிறது. தம்ப்நெயிலின் பாதியளவாவது திரையில் ஒரு நொடிக்கு மேல் தெரிந்தால்தான் அது ஒரு காட்சிப்பதிவாகக் கணக்கிடப்படும். அப்படிப்பட்ட நூறு காட்சிப்பதிவுகளில் எத்தனை முறை காணொளி திறக்கப்பட்டது என்பதே நீங்கள் பார்க்கும் எண். வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பு வழியாக வருபவர்கள் இதில் சேர மாட்டார்கள். உங்களை ஏற்கெனவே அறிந்த சப்ஸ்கிரைபர்களுக்கு மட்டும் காட்டப்படும்போது விகிதம் உயர்ந்தும், காணொளி புதியவர்களிடம் பரவத் தொடங்கியதும் தாழ்ந்தும் இருப்பது இயல்பு. ஆகையால் விகிதம் இறங்கிய அதே நாளில் பார்வைகள் கூடியிருந்தால் மகிழ்ச்சியடையுங்கள், தம்ப்நெயிலை மாற்றிவிடாதீர்கள்.

எண்ணைப் பார்த்து ஊகிப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரே காணொளிக்கு மூன்று தம்ப்நெயில்கள் வரை பதிவேற்றி, பார்வையாளர்களிடையே அவற்றைப் பிரித்துக் காட்டி ஒப்பிடும் வசதி 2024 முதல் பரவலாகக் கிடைக்கிறது. முடிவு வர இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். எந்தப் படம் அதிகம் சொடுக்கப்பட்டது என்பதைக் கொண்டு அல்லாமல், எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதைக் கொண்டே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. மூன்று படங்களும் உண்மையில் வேறுபட்டிருக்கட்டும். எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள் வைத்தால் முடிவு தெளிவாக வராது.

கேள்வி: உள்ளூர்ச் செய்திச் சேனல் நடத்துகிறேன். சிவப்பு வட்டம், அம்புக்குறி, அலறும் முகம், ‘அதிர்ச்சி’, ‘பரபரப்பு’ என்று போடும் சேனல்களுக்கே கூட்டம் சேருகிறது. நேர்மையாகத் தம்ப்நெயில் வைத்தால் பிழைக்க முடியுமா, ஐயா? – மதுரை வாசகர்

பதில்: முடியும் என்றே நம்புகிறேன், அதற்கு அறம் மட்டும் காரணமில்லை, யூடியூப் இயங்கும் முறையும் காரணம். தொடக்க ஆண்டுகளில் காணொளியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சட்டகம் தம்ப்நெயிலாக எடுக்கப்படுவதை அறிந்துகொண்ட சிலர், தொடர்பே இல்லாத கவர்ச்சிப் படம் ஒன்றை நட்டநடுவில் செருகி வைத்து ஆட்களை இழுத்தார்கள். சொடுக்கு எண்ணிக்கையே பரிந்துரைக்கு அடிப்படையாக இருந்தவரை அந்த ஏமாற்று வேலை செய்தது. 2012இல் யூடியூப் அந்த அளவுகோலை மாற்றி, எவ்வளவு நேரம் பார்க்கப்படுகிறது என்பதற்கு முதன்மை கொடுத்தது. அதன்பின், திறந்தவுடன் ஏமாந்து வெளியேறுகிறவர்களின் எண்ணிக்கை கூடக்கூட அந்தக் காணொளி பரிந்துரையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

உங்கள் துறையைக் குறித்து நேரடியான அறிவிப்பும் வந்திருக்கிறது. தலைப்பிலோ தம்ப்நெயிலிலோ கூறியது காணொளிக்குள் இல்லாதபடி அப்பட்டமாக ஏமாற்றுபவற்றின் மீது, குறிப்பாக உடனடிச் செய்தி, நடப்பு நிகழ்வு சார்ந்தவற்றின் மீது, இந்தியாவில் நடவடிக்கையைக் கடுமையாக்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. ‘குடியரசுத் தலைவர் பதவி விலகினார்’ என்று தலைப்பு வைத்துவிட்டு, அதைப் பற்றிப் பேசாத காணொளியை அந்த அறிவிப்பே எடுத்துக்காட்டாகச் சொன்னது. முதற்கட்டமாக அத்தகைய காணொளிகளை எச்சரிக்கைப் புள்ளி இல்லாமல் நீக்குவதாகக் கூறினாலும், நீக்கப்பட்ட காணொளியின் உழைப்பு போனது போனதுதான்.

அலறும் முகத்துக்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வலிமை இல்லை. மிஸ்டர் பீஸ்ட் என்று அறியப்படும் ஜிம்மி டொனால்ட்சன், தம் தம்ப்நெயில்களில் வாய் திறந்த முகத்துக்குப் பதிலாக வாய் மூடிய முகத்தை வைத்துச் சோதித்தபோது பார்வை நேரம் கூடியதாக 2023இல் தெரிவித்தார். அவ்வளவு பெரிய சேனலுக்கே அப்படி என்றால், உள்ளூர்ச் செய்தி தருகிற ஒருவர் கத்த வேண்டிய தேவை என்ன? உங்களிடம் இருப்பதும் பெரிய சேனல்களிடம் இல்லாததும் இடம்தான். பாலம் இடிந்த செய்திக்கு இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு பாலத்தின் படத்தை வைக்காமல், நீங்களே நேரில் போய் எடுத்த படத்தை வைத்து, ‘ஆரப்பாளையம், இன்று காலை’ என்பது போல ஊரையும் நேரத்தையும் எழுதுங்கள். அந்தப் பகுதியில் வசிக்கும் எவரும் அதைக் கடந்து போக மாட்டார்கள். அம்புக்குறியை நான் முழுவதும் விலக்கவில்லை; விரிசல் எங்கே விட்டிருக்கிறது என்று காட்ட அது தேவைப்பட்டால் தாராளமாக வையுங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதுதான் பார்வையாளரை அவமதிப்பது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் செய்திச் சேனல்களின் தம்ப்நெயில்களில் இந்தப் பிழை மனம் பதறும் அளவுக்கு மலிந்திருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி போன்ற அடையாளங்களை ஊடகத்தில் வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்கிறது. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பெற்றோர் முகத்தையோ பள்ளிச் சீருடையையோ வீட்டு வாசலையோ காட்டினாலும் அடையாளம் வெளிப்பட்டுவிடும். இத்தகைய செய்திகளுக்கு நீதிமன்றக் கட்டடம் அல்லது காவல் நிலையத்தின் பொதுப்படம் ஒன்றே போதும். அதனால் பார்வைகள் குறைந்தாலும் குறையட்டும்.

கேள்வி: திரைப்பட விமர்சனக் காணொளிகளுக்கு நடிகர்களின் படங்களைத் தம்ப்நெயிலில் வைக்கலாமா? – கோயம்புத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: விமர்சனத்துக்காக ஒரு படைப்பின் பகுதியை நியாயமான அளவில் எடுத்தாள்வதை 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில் அனுமதிக்கிறது. அந்தந்தத் திரைப்படத்தின் விமர்சனத்துக்கு, தயாரிப்பாளர்கள் விளம்பரத்துக்காக வெளியிட்ட படத்தைப் பயன்படுத்தினால் பொதுவாகச் சிக்கல் எழுவதில்லை. புகைப்படக் கலைஞர்களும் செய்தி நிறுவனங்களும் எடுத்த படங்களைத் தேடுபொறியிலிருந்து இறக்கிப் பயன்படுத்துவது வேறு. அதற்கு உரிமம் வேண்டும். 90 நாட்களுக்குள் மூன்று காப்புரிமை எச்சரிக்கைகள் பெற்றால் சேனலே முடக்கப்படும். நடிகர் உங்கள் சேனலை ஆதரிப்பது போலவோ, அவர் சொல்லாததைச் சொன்னது போலவோ படத்தை அமைப்பதும், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவர் முகத்தை மாற்றியமைப்பதும் இன்னும் ஆபத்தானவை. அனுமதியின்றித் தம் பெயரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்துவதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

எனினும் விமர்சனத்தில் மக்கள் தேடி வருவது உங்கள் கருத்தை. உங்கள் முகமே தம்ப்நெயிலில் இருந்து, அதில் படம் பிடித்ததா இல்லையா என்பது தெரிந்தால், அடுத்த முறை அந்த முகத்தைப் பார்த்தே வருவார்கள். நடிகர்களை வரிசையாக நிறுத்தாதீர்கள்; மூன்று பேருக்கு மேல் இடம்பெற்ற படங்களின் ஈர்ப்பு குறைகிறது என்று மேலே குறிப்பிட்ட நெட்ஃபிளிக்ஸ் ஆய்வும் கூறுகிறது.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை. கைப்பேசியிலேயே செய்ய முடியுமா? – யாழ்ப்பாணம் வாசகி

பதில்: தாராளமாக முடியும். கேன்வா, பிக்ஸல்லேப் ஆகிய இரண்டிலும் தமிழ் யூனிகோடில் எழுதலாம். அகலம் 1280, உயரம் 720 பிக்ஸல் என்று அமைத்துக்கொண்டு, ஜேபிஜி கோப்பாக 2 எம்பி அளவுக்குள் சேமியுங்கள். நீங்கள் உருவாக்கிய படத்தைப் பதிவேற்றுவதற்கு முன், தொலைபேசி எண்ணைக் கொண்டு யூடியூப் கணக்கை ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். கைப்பேசியில் செய்வதில் ஒரு நன்மையும் உண்டு: முடித்த படத்தைப் புகைப்படத் தொகுப்பில் மற்றப் படங்களுக்கு நடுவே சிறு கட்டமாக உடனே பார்த்துவிடலாம். அங்கே படிக்க முடியவில்லை என்றால் யூடியூப்பிலும் படிக்க முடியாது.

கேள்வி: பழைய காணொளிகளுக்குப் புதிய தம்ப்நெயில் வைத்தால் பயன் உண்டா? எனது சேனல் மாடித்தோட்டம் பற்றியது. – சேலம் வாசகர்

பதில்: உண்டு, ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எந்த மாற்றம் எதைச் செய்தது என்று பிறகு அறிய முடியாது. திறந்தவர்கள் கடைசிவரை பார்த்திருந்தும் கிளிக் விகிதம் குறைவாக உள்ள காணொளிகளை ஸ்டுடியோவில் தேடி எடுங்கள். உள்ளே சரக்கு இருந்தும் வாசல் சரியில்லாதவை அவைதான். தொடக்கத்திலேயே பெரும்பாலோர் வெளியேறிவிட்ட காணொளிக்கு எந்தத் தம்ப்நெயிலும் உதவாது. உங்கள் துறைக்குப் பருவமும் உண்டு. ஆடியில் விதைப்பு பற்றிய காணொளிகளுக்கும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் தொட்டிகளின் வடிகால் பற்றியவற்றுக்கும், பங்குனியில் நிழல்வலை பற்றியவற்றுக்கும் தேவை தொடங்கும் முன்பே, ஒவ்வொன்றாகப் படத்தை மாற்றி, இரண்டு வாரம் கழித்துக் கணக்கைப் பாருங்கள்.